பக்கெட்டில் செடி, பானையில் தண்ணீர்: நெல்லை வெயிலுக்கு வீட்டுக் கழிவில் எது எதற்கு உதவும்?

பழைய பொருளில் தோட்டம் போடுவது பற்றிப் படங்கள் நிறைய வருகின்றன. வண்ணம் அடித்த தண்ணீர் பாட்டில்கள் சுவரில் வரிசையாகத் தொங்கும், ஒவ்வொன்றிலும் கொத்தமல்லி பச்சைப்பசேலென்று நிற்கும். குளிர்ச்சியான ஊருக்கு அது சரி. பாளையங்கோட்டையில் பங்குனி பிறந்துவிட்டால் அந்தப் பாட்டிலுக்குள் இருக்கும் ஒரு கைப்பிடி மண் மத்தியானத்துக்குள் பொரிந்துவிடும். சித்திரையில் 40 டிகிரி தொடுகிற ஊர் இது. அந்த வெயில் தணிகிற நேரத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வந்து, தொங்குவதை எல்லாம் சுவரோடு சேர்த்து அடிக்கும். அதே காற்று தென்காசிப் பக்கம் சாரலைக் கொண்டுவருகிறது. நமக்கு வருவது பெரும்பாலும் வறண்ட காற்றுதான்.

அதனால் வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்குகிற ஒரு பொருளை எடுத்து வைப்பதா, காயலான் கடைக்குப் போடுவதா, குப்பை வண்டியில் கொடுப்பதா என்று முடிவெடுக்க நான் பார்ப்பது மூன்று விஷயங்கள். இந்த வெயிலை அது எத்தனை நாள் தாங்கும்? செடியின் வேருக்குத் தண்ணீரைக் காப்பாற்றித் தருமா, இல்லை கொசுவுக்குக் காப்பாற்றித் தருமா? நைந்து போன பிறகு மண்ணோடு மண்ணாகுமா, துண்டு துண்டாக மண்ணிலேயே கிடக்குமா? அழகு இதற்கெல்லாம் பிறகுதான்.

செடி வைக்கிற பாத்திரத்திலிருந்து தொடங்கலாம். வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்தால் நாலைந்து 20 லிட்டர் பெயின்ட் பக்கெட் மிஞ்சும். மொட்டை மாடிக்கு வீட்டில் கிடைக்கிற பொருள்களில் இதற்கு ஈடு இல்லை என்பது என் தீர்மானம். கத்தரி, தக்காளி, வெண்டை மூன்றுக்கும் ஆழம் போதும். கைப்பிடி இருப்பதால் காற்றுக் காலத்தில் சுவர் ஓரத்துக்கு நகர்த்தலாம். ஈர மண் நிரப்பினால் ஒரு பக்கெட் 25 கிலோவுக்கு மேல் வரும் என்பதை மறந்துவிட வேண்டாம். பழைய வீடாக இருந்தால் மாடியின் நடுவில் பரப்பாமல், கீழே சுவர் இருக்கிற ஓரங்களில் வரிசையாக வைப்பதே நல்லது. ஒட்டியிருக்கும் பெயின்ட்டை நன்றாகச் சுரண்டிக் கழுவிக் காயவைத்துவிட்டுத்தான் மண் போட வேண்டும்.

ஓட்டையை எல்லோரும் அடியில் போடுகிறார்கள். நம்ம ஊருக்கு, அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே பக்கவாட்டில் நாலைந்து ஓட்டை போடுவது நல்லது. அடியில் அந்த ஒரு அங்குலத்துக்கு ஈரம் தேங்கி நிற்கும். மண்ணுக்குள்ளேயே இருப்பதால் கொசு வராது, சாயங்காலம் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் செடி ஒரு நாள் தாக்குப்பிடிக்கும்.

பக்கெட்டில் ஒரு பெரிய குறை சூடு. சித்திரை மாதம் மூன்று மணிக்கு அடர்நிறப் பக்கெட்டின் மேற்குப் பக்கத்தைத் தொட்டால் கை பொறுக்காது. காய்ப்பு முடிந்த கத்தரிச்செடியைப் பிடுங்கி மண்ணை உதறினால் அதன் விளைவு தெரியும். கிழக்குப் பக்கம் வெள்ளை வேர் பக்கெட் சுவரை ஒட்டி வலை போலப் பின்னிக் கிடக்கும். மேற்குப் பக்கம் வேர் கருகி, மண் தனியாக உதிரும். பாதிப் பக்கெட்டில்தான் அந்தச் செடி பிழைத்திருக்கிறது. இதற்கு மருந்து பழைய சணல் சாக்கு. பக்கெட்டைச் சுற்றிக் கட்டிவிட்டு, தண்ணீர் ஊற்றும்போது சாக்கையும் நனைத்துவிட்டால் போதும். சாக்கு இல்லை என்றால் பழைய வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாகச் சுற்றலாம். வெள்ளை நிறப் பக்கெட்டாக இருந்தால் தொல்லை பாதி குறையும்.

சிமெண்ட் சாக்கு, அரிசி வருகிற பிளாஸ்டிக் சாக்கு இரண்டிலும் செடி வைக்கிறவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்பேன். வெயிலில் ஒரு வருடம் தாங்காது. இழை இழையாகப் பிரிந்து மண்ணோடு கலந்துவிடும், பிறகு அதைப் பொறுக்கி எடுக்கவே முடியாது. சருகு அள்ளிக்கொண்டு வர, செம்மண் சுமக்க அதை வைத்துக்கொள்ளுங்கள். மீன்காரர்களிடம் மிஞ்சுகிற தெர்மாகோல் பெட்டியின் கதை கொஞ்சம் வேறு. சூட்டை உள்ளே விடாது என்பதால் அரைக்கீரை, சிறுகீரைக்கு உண்மையிலேயே நன்றாக இருக்கும். நிழல் விழும் சுவரோரமாக ஒரு வருடம் பயன்படுத்தலாம். மணி மணியாக உதிரத் தொடங்கிய அன்றே அதை நிறுத்திவிட வேண்டும். டயரை எடுக்கவே வேண்டாம். கறுப்பு ரப்பர் நம்ம வெயிலில் கொதிக்கும், உள் வளைவில் நிற்கிற மழைத்தண்ணீரைச் சாய்த்து ஊற்றவும் முடியாது. சாப்பிடுகிற காய்கறியை அதில் வளர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இனி மண்பானை. காருக்குறிச்சியில் இன்றும் சக்கரம் சுற்றுகிறது, பொங்கலுக்குப் புதுப்பானை வாங்குகிற வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அதனால் வாய் உடைந்தது, கீறல் விட்டது என்று வீட்டுக்கு ஒன்றிரண்டாவது கிடக்கும். பலரும் அதில் செடி வைக்கிறார்கள். மண்பாத்திரம் வேரைக் குளிர்ச்சியாக வைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் குளிர்ச்சி சும்மா வருவதில்லை. சுவர் வழியாகத் தண்ணீர் ஆவியாவதால்தான் வருகிறது. ஆடிக் காற்றில் காலையில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலம் இருக்காது. தாமிரபரணிக் கரையில், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் தண்ணீருக்குக் கவலை இல்லாதவர்கள் தாராளமாக வைக்கலாம். நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் குடத்துத் தண்ணீரை எண்ணிச் செலவழிக்கிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது.

அவர்கள் பானையில் தண்ணீரை வைக்க வேண்டும், செடியைப் பக்கத்தில் வைக்க வேண்டும். பானைப் பாசனம் என்பது அதுதான். பானையைக் கழுத்தளவு மண்ணுக்குள் புதைத்து, வாய் மட்டும் இரண்டு அங்குலம் வெளியே தெரியும்படி விட்டு, தண்ணீர் நிரப்பி மூடிவிடுவது. சுற்றியுள்ள மண் காயக் காயப் பானை கசிந்து கொடுக்கும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானாகக் குறைந்துவிடும். சுற்றிலும் ஒரு அடிக்குள் பாகலோ புடலையோ நாலு விதை போட்டால் வேர்கள் தாமாகவே பானையைத் தேடி வந்து அணைத்துக்கொள்ளும். மேல் மண் காய்ந்தே இருப்பதால் களையும் குறைவு.

எந்தப் பானை இதற்கு ஆகும் என்று பார்க்க எளிய சோதனை இருக்கிறது. காய்ந்த பானையில் தண்ணீர் நிரப்பி நிழலில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் வெளிப்புறம் நிறம் மாறி, தொட்டால் ஈரமும் குளிர்ச்சியும் தெரிந்தால் அது கசிகிற பானை. குடிதண்ணீர் வைத்த பானைகள் பெரும்பாலும் தேறும். மீன்குழம்பு வைத்துப் பழகிய சட்டி தேறாது. எண்ணெய் ஏறி நுண்துளைகள் அடைபட்டிருக்கும், நாள் முழுக்க வைத்தாலும் வெளியே பொட்டு ஈரம் தெரியாது. அந்தச் சட்டியைச் செடி வைக்கவோ உரம் போடவோ ஒதுக்கிவிடலாம். அடியில் சின்னக் கீறல் இருந்தால் சிமெண்ட் பூசி அடைக்கலாம், ஆனால் பக்கமெல்லாம் பூசிவிடாதீர்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் சப்பையாகவோ (சுண்ணாம்பு மிகுந்து) உப்பாகவோ இருக்கிற ஊர்களில் பானையின் வெளிப்புறம் வெள்ளையாக உப்புப் பூத்துக் கசிவு குறைந்துவிடும். அறுவடைக்குப் பிறகு தோண்டி எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டுத் திரும்பப் புதைக்க வேண்டும். வாயை மூட உடைந்த நாட்டு ஓடு போதும். மூடாமல் மட்டும் விடக்கூடாது.

கருப்பட்டி வருகிற பனையோலைப் பெட்டி, சின்னக் கொட்டான் எல்லாம் நாற்றுக்கு மிகப் பொருத்தமானவை. முளைத்த செடியை வேர் கலையாமல் பெட்டியோடு அப்படியே குழியில் வைத்துவிடலாம், ஓலை மண்ணுக்குள் மக்கிவிடும். சுரை, பூசணி, பீர்க்கு போன்றவற்றை இடம் மாற்றினால் வாடும். அவற்றுக்குப் பிளாஸ்டிக் டம்ளரைவிட இது எவ்வளவோ மேல். அல்வா வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவை விதை சேமிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்ம அடுப்பங்கரையில் மிஞ்சுவதில் பெரும்பகுதி அதுதான். சொதி வைக்கிற அன்று மட்டும் எத்தனை மூடி துருவுகிறோம்! சிரட்டையில் செடி வைக்கிற யோசனைதான் எங்கும் பரவியிருக்கிறது. ஒரு சிரட்டையில் பிடிக்கிற மண்ணுக்கு நம்ம வெயிலில் மணிப்பிளான்ட் கூட வீட்டுக்குள் வைத்தால்தான் தங்கும். வெளியில் மல்லாந்து கிடந்தால் அது டெங்கு கொசுவின் தொட்டில். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் தாராளம், முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காத்திருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். "ஏட்டி, சிரட்டையக் கவுத்திப் போடு" என்று ஆச்சிகள் அதட்டுவது முழுக்க முழுக்கச் சரி. எனவே சிரட்டைக்கு முதல் இடம் வெந்நீர் அடுப்பு. இரண்டாவதாக, கவிழ்த்து மண்ணில் வரிசையாகப் பதித்துப் பாத்திக்குக் கரை கட்டலாம். அதற்கு மேல் வேலை வாங்க வேண்டியதில்லை.

கதம்பைதான், அதாவது தேங்காயின் நார் மட்டைதான், உண்மையான சொத்து. கடையில் கட்டியாக விற்கிற தென்னைநார்க் கழிவு இதிலிருந்து வருவதுதான், காசு கொடுத்து வாங்குகிற நாமே வீட்டுக் கதம்பையைத் தெருவில் போடுகிறோம். முழுதாக இருப்பதைக் கையளவு துண்டாக வெட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, பழுப்பாக இறங்குகிற தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றிவிட வேண்டும். அதிலுள்ள உப்பும் துவர்ப்பும் செடிக்கு ஆகாது. பிறகு பக்கெட்டின் மேல் மண்ணை மூடினாற்போல் நார்ப்பக்கம் கீழே பார்க்கப் பரப்பினால், வெயில் மண்ணில் நேராகப் படாது. தென்னை, வாழை, எலுமிச்சை மரத்தடியிலும் இப்படியே பரப்பலாம். திசையன்விளைத் தேரிச் செம்மணலில் தண்ணீர் ஊற்றிய கையோடு கீழே இறங்கிவிடும். அங்கே குழிக்கு அடியிலும் ஒரு வரிசை கதம்பை போடுவது நல்ல பலன் தரும். பக்கெட்டுக்கு ஏற்ற கலவை என்று கேட்டால், செம்மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, உதிர்த்த நார்த்தூள் ஒரு பங்கு. எடையும் குறையும்.

அந்த மக்கிய உரத்தை எங்கே செய்வது? ஒரு வீட்டுக்கு நான்கு வழி இருக்கிறது. குழி, பானை, பக்கெட், குப்பை வண்டி.

புறவாசல் உள்ள வீட்டுக்கு வாழைக்குழிதான். இரண்டாவது யோசனையே வேண்டாம். மூன்று அடி அகலம், இரண்டு அடி ஆழத்தில் குழி வெட்டி, வெட்டிய மண்ணைச் சுற்றிலும் கரையாகப் போட்டு, கரையில் மூன்று நாலு வாழைக்கன்று. ஏத்தனோ நாட்டு வாழையோ எது கிடைத்தாலும் சரி. காய்கறித் தோல், முருங்கைக் குச்சி, வாழையிலை, சருகு எல்லாம் குழிக்குள். அரிசி கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாம் அதற்கே போகும்படி வாய்க்கால் விடலாம். கிளற வேண்டாம், அளவு பார்க்க வேண்டாம். மீன் வாங்குகிற வீட்டில் செதிலும் குடலும் என்ன செய்வது என்பது பெரிய தொல்லை. அதை மேலாகப் போட்டால் பூனையும் நாயும் கிளறிவிடும். ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மேலே முள்குச்சி வைக்க வேண்டும். முடியாவிட்டால் மீன் அமிலம் போடலாம். மீன் கழிவுக்குச் சம எடை வெல்லம் சேர்த்து மூடி நிழலில் வைத்து, ஒரு மாதம் போல ஆனதும் வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கலந்து தெளிப்பது. கருப்பட்டியை இதற்குச் செலவழிக்காதீர்கள், சாதாரண மண்டை வெல்லம் போதும்.

மாடி வீட்டுக்குப் பானையா பக்கெட்டா என்றால், நான் பானைப் பக்கம். வாய் அகன்ற கீறல் பானையில் காற்றும் போகும், மிஞ்சிய ஈரமும் சுவர் வழியாக வெளியேறும், நாற்றம் குறைவு. பக்கெட்டில் சுற்றிலும் ஓட்டை போட்டாலும் அடியில் தண்ணீர் இறங்கிப் புளித்துவிடும். அதனால் பக்கெட் எடுத்தால் சருகைக் கூடுதலாகப் போட வேண்டும். இரண்டிலும் முறை ஒன்றுதான். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த பொருள். வேப்பஞ்சருகு, கிழித்த செய்தித்தாள், நார்த்தூள் எதுவும் ஆகும். தொடக்கத்தில் ஒரு கை சாணி அல்லது கொஞ்சம் புளித்த மோர். கையில் அள்ளிப் பிழிந்தால் ஈரம் ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது. புழு வந்தால் பயப்படாதீர்கள். தட்டையாகச் சாம்பல் நிறத்தில் நெளிவது தீங்கில்லாத ஈயின் புழு, கழிவைத் தின்று வேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுக்கும். நம்ம சூட்டில் இரண்டு மூன்று மாதத்தில் தயாராகிவிடும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் பானையைக் கூரைக்குள் வைக்காவிட்டால் ஊறிப்போகும்.

இதெல்லாம் முடியாது, காலையில் ஓடிப் போய்ப் பஸ் பிடிக்கிற வீடு என்றால், மக்கும் குப்பையைத் தனியாகப் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள். அதுவும் நல்ல முடிவுதான். பிரித்துக் கொடுத்ததை நுண்ணுரம் செயலாக்க மையத்தில் உரமாக்கலாம். கலந்து கொடுத்தால் அது கிடங்கில் மலையாக ஏறும். நெல்லை மாநகராட்சியின் ராமையன்பட்டிக் கிடங்கு பலமுறை தீப்பிடித்துப் புகைந்ததை நாம் எல்லோரும் அறிவோம். கலந்த குப்பையை அந்தப் பகுதி மக்களின் மூச்சுக்குள் அனுப்ப நமக்கு உரிமை இல்லை.

தண்ணீரைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அரிசி, பருப்பு கழுவியது அன்றன்றைக்கே செடிக்கு. ஏசியிலிருந்து சொட்டுவது உப்பே இல்லாதது, பக்கெட் செடிகளுக்கு அதைப் பிடித்து வைப்பது நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீரில் உப்பு கூடுதல், அதைத் தொட்டிச் செடிக்குத் தினமும் ஊற்றினால் இலை ஓரம் கருகும். வீடு துடைக்க, கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளலாம். துணி துவைத்த முதல் தண்ணீர் எந்தச் செடிக்கும் வேண்டாம், கடைசியாக அலசியது தென்னைக்கும் வாழைக்கும் போகட்டும்.

முட்டை ஓட்டுக்கு இருக்கிற பேருக்கு ஏற்ற பலன் இங்கே கிடைக்காது. அது சுண்ணாம்பு, மெல்லத்தான் கரையும். கரிசல் மண்ணிலும் சப்பைத் தண்ணீரிலும் சுண்ணாம்பு ஏற்கெனவே மிகுதி. விறகுச் சாம்பலும் அப்படித்தான், காரத்தன்மை கூடும். இரண்டையும் அளவாக உரப் பானைக்குள் போடுங்கள், செடியடியில் கொட்டாதீர்கள். டீத்தூளில் பாலும் சீனியும் ஒட்டியிருந்தால் எறும்பு வரும், அலசிவிட்டுப் போட வேண்டும்.

துணியும் பாயும் பாக்கி. பழைய நைலான் சேலை பந்தல் கயிறாக முறுக்க நல்லது, பருத்தி சீக்கிரம் இற்றுவிடும். நிழலுக்கு முழுச் சேலையைக் கட்டினால் ஆடிக் காற்று பாய்மரமாக்கிக் கம்பத்தோடு சாய்க்கும். கிழிந்த கொசுவலை காற்றை விட்டுவிட்டு வெயிலை மட்டும் கொஞ்சம் தணிக்கும், அணிலிடமிருந்தும் தக்காளியைக் காக்கும். மயில் தொல்லை உள்ள ஊர்களில் நாற்றுக்கு மேல் நாலு குச்சி நட்டு இதையே போடலாம். நைந்த கோரைப்பாயைத் தூக்கிப் போட வேண்டாம். பத்தமடையில் நெய்கிற கோரை மண்ணில் விளைந்ததுதான், விதைத்த பாத்தியின் மேல் விரித்து நனைத்து வைத்தால் முளைக்கும் வரை ஈரம் காக்கும். முளை தலைகாட்டியதும் எடுத்து மரத்தடியில் போட்டுவிட்டால் அங்கேயே மக்கும். பிளாஸ்டிக் பாய் இந்த வேலைக்கு உதவாது, அதைக் காயலான் கடை எடுத்தால் கொடுத்துவிடுங்கள்.

தொடங்குகிறவர்கள் உரப் பானையையோ குழியையோ சித்திரையிலேயே தொடங்கிவிட வேண்டும். ஆடியில் நாற்று விட உரம் கையில் இருக்கும். மொட்டை மாடிக்காரர்கள் நாற்றைக் காற்று படாத மூலையில் வளர்த்து, ஆவணிக் கடைசியில் காற்று அடங்கிய பிறகு பக்கெட்டுக்கு மாற்றலாம். ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை மாடியையும் புறவாசலையும் சுற்றிப் பார்த்து, செடி வைக்காத பக்கெட், சட்டி, சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்து வைக்க வேண்டும். அடுத்த வருடம் வரை எடுத்துப் பயன்படுத்தப் போவதில்லை என்று தெரிகிற பிளாஸ்டிக்கை அந்த வாரமே காயலான் கடைக்கு ஏற்றிவிடுங்கள்.